ஐந்தாவது மாத்திரை

வாருங்கள் அம்மணி, உள்ளே வந்து நாற்காலியில் உட்காருங்கள். வாசலில் நின்று பேச வேண்டாம். எதிர்வீட்டுச் சன்னல் எந்நேரமும் திறந்தே இருக்கும். உங்கள் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டால் நலம். தவறாக நினைக்கக் கூடாது. காசநோய்ப் பிரிவு என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் வந்துகொண்டிருந்த சுகாதாரப் பார்வையாளர் எங்கள் நிலைமை அறிந்தவர். மோட்டார் பழுதுபார்க்கக் கொடுத்தவரைப்போல என் பட்டறை வழியாக நுழைந்து, மாதத்துக்குரிய மருந்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அப்படியே போய்விடுவார். அவருக்கு மாற்றல் ஆகிவிட்டதென்று கேள்விப்பட்டேன். நீங்கள் புதியவர். ஆகையால் முதலிலிருந்து சொல்லுகிறேன்.

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது. என் மகள் நித்திலாவின் சளிப் பரிசோதனையில் மறுபடியும் கிருமி தென்பட்டிருக்கிறது. கார்த்திகை மாதம் இல்லையென்று வந்த கிருமி சித்திரையில் எப்படித் திரும்பியது, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, இல்லையா. அதுதானே? ஒழுங்காகத்தான் போகிறது. ஒரு நாள் தவறியதில்லை. என் கையால் நான் கொடுக்கிறேன், என் கண் முன்னால் அவள் விழுங்குகிறாள். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் அவளுக்கு இந்த நோய் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் நீங்கள் உங்கள் மேலதிகாரிக்குச் சரியாக எடுத்துச் சொல்ல முடியும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்புங்க. அந்தம்மா இன்னும் எத்தனை வீடு ஏறி எறங்கணுமோ."

அது என் மனைவி ருக்குமணி, சமையலறையிலிருந்து பேசுகிறாள். நான் வாயைத் திறந்தால் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறதென்று கேலி செய்கிறவளும் இவள்தான். பொருட்படுத்தாதீர்கள்.

என் பெயர் சென்னியப்பன். இந்தத் தாராபுரம் வட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதற்கு என்னைத்தான் தேடி வருவார்கள். எட்டாம் வகுப்போடு என் பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. இந்தத் தொழிலை எனக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் எரிந்த மோட்டார் ஒன்றை வாங்கி வந்து பிரித்துப்போட்டு, கம்பியின் கனம் என்ன, சுற்று எத்தனை என்று நானே பார்த்துத் திரும்பச் சுற்றினேன். சில முறை புகைந்தது. பிறகு ஓடியது. தமிழையும் அப்படித்தான் கிளை நூலகத்தில் உட்கார்ந்து கற்றேன். எவரிடமும் போய், எனக்கு இது தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று நின்றதில்லை. உடம்பு விஷயத்திலும் அப்படியே. காய்ச்சலோ வயிற்றுவலியோ, மருந்துக்கடையில் இன்ன மாத்திரை கொடு என்று நான் பெயர் சொல்லி வாங்குவேனே தவிர, என்ன கொடுக்கலாம் என்று கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்தவள் நித்திலா. முதல் முயற்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினாள். எந்த ஊர்க் கல்லூரி என்பது வேண்டாம். உங்கள் கோப்பில் இருக்கும்.

அவள் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என் மைத்துனர் பட்டறைக்கு வந்தார். "பாப்பாகிட்ட என்ற இருமலுக்கு என்ன மாத்திரைன்னு கேளுங்க மச்சான்" என்றார். நான் அலைபேசியில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். அவள், "அப்பா, நான் இப்பத்தானுங்க எலும்பு படிச்சிட்டிருக்கேன். மருந்தெல்லாம் அடுத்த வருசம்" என்றாள். மைத்துனர் சிரித்துவிட்டு, "எலும்பு வரைக்கும் உள்ள போயிட்ட புள்ளைக்கு மேலால இருக்கற இருமல் தெரியாதா?" என்றார். பட்டறையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

"தெரியாதுன்னு சொல்லாத கண்ணு," என்றேன். "சீனியர் யாராவது பக்கத்துல இருப்பாங்கல்ல, அவங்களக் கேட்டுச் சொல்லு."

சற்றுநேரத்தில் அவளே கூப்பிட்டு ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். மைத்துனருக்கு இருமல் நின்றது. அதன் பிறகு எங்கள் உறவில் யாருக்கு எது வந்தாலும் என் பட்டறைக்குத்தான் வருவார்கள். நான் ஒலிபெருக்கியில் போடுவேன், அவள் பெயர் சொல்வாள். என் முழங்கால் வலிக்கு அன்றைக்கு அவள் சொன்ன மாத்திரையைத்தான் இன்றுவரை போட்டுக்கொள்ளுகிறேன்.

"போட்டுக்கிட்டு ராத்திரி வயிறு எரியுதுன்னு எந்திரிச்சு ஒக்காந்துக்கறதையும் சேத்துச் சொல்லுங்க."

வயிறு எரிவதற்கும் அவள் வேறொரு மாத்திரை சொல்லியிருக்கிறாள், அம்மணி. இவளுக்கு அது தெரியாது.

மூன்றாமாண்டு தொடக்கத்தில் பெண்கள் விடுதியில் அறை மாற்றினார்கள். அன்றைக்கு மட்டும் பெட்டி தூக்குவதற்குத் தகப்பன்மார்களை உள்ளே விட்டார்கள். நித்திலாவின் அறைத்தோழி ஷைனி, மார்த்தாண்டத்துப் பெண், கொஞ்சம் வாயாடி. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை இழுத்து, "அங்கிள், இத மட்டும் பாத்துத் தூக்குங்க. இதுதான் எங்க ஹாஸ்டல் ஜி.எச்." என்றாள். திறந்து காட்டினாள். பெட்டி நிறைய மாத்திரைப் பட்டைகள். விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டவை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் மருத்துவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி மருந்துகள். படிப்பை முடித்துப் போகிற அக்காமார்கள் அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுச் செல்வார்களாம். பரீட்சைக்குத் தூங்காமல் இருக்க ஒன்று, பரீட்சை முடிந்து தூங்க ஒன்று, தலைவலிக்கு, நெஞ்செரிச்சலுக்கு, சளிக்கு என்று தனித்தனியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது.

"டோக்கன் இல்ல, லைன் இல்ல, டாக்டர் திட்டவும் மாட்டாரு," என்றாள் ஷைனி. "எந்த வாரம் என்ன பாடமோ அந்த வாரம் எங்களுக்கு அந்த வியாதி அங்கிள். தைராய்டு நடத்தின வாரம் ஹாஸ்டல்ல ஒருத்தியும் கழுத்த விட்டுக் கையெடுக்கல. இவளுக்கு ரெண்டு வியாதி வந்துச்சு."

"போடி, எனக்கு ஒண்ணுதான். இன்னொண்ணு நீ எழுதிக் குடுத்தது" என்றாள் நித்திலா.

இருவரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு அன்று உள்ளம் குளிர்ந்தது. தன் வண்டியைத் தானே பழுதுபார்த்துக்கொள்கிற மெக்கானிக்குகளின் கூட்டத்துக்குள் நிற்பதாகத் தோன்றியது. ஏன் இங்கேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே போய்க் காட்டுவதில்லையா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அப்போதுதான் தினகரன் என்ற பையனின் கதையைச் சொன்னார்கள். அவர்களோடு படிக்கிறவன். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு போனானாம். அவன் இதயத்தில் ஏதோ கூடுதல் சத்தம் கேட்டிருக்கிறது. பேராசிரியர் மகிழ்ந்துபோய் வகுப்பையே வரவழைத்து, சட்டையில்லாமல் அவனை உட்காரவைத்து, ஆளுக்கொரு முறை குழல் வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவனுக்கு மர்மர் தினகரன் என்று பெயர். அந்தச் சத்தத்துக்கு மருத்துவத்தில் அதுதான் பெயராம். உணவுக்கூடத்தில் அவன் தட்டேந்தி வந்தால் பையன்கள் காதில் கைவைத்துக் கேட்பார்களாம்.

"அவன் பையன் அங்கிள், போகட்டும். நாங்க போய் அப்படி உக்காரவா?" என்றாள் ஷைனி.

நியாயமான பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் மனம் கூசுகிறது, அம்மணி. பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள், ஆளாளுக்குத் தோன்றியதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதா? முழுதும் அறிந்தவர் ஒருவரைக் கேட்டுச் செய்ய வேண்டாமா? கல்லூரியில் கண்டிப்பதற்கு ஆள் கிடையாதா? ஊருக்கு மருந்து சொல்லப்போகிற பிள்ளைகளின் லட்சணம் இது. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றுகூட எனக்கு எண்ணம் உண்டு.

அந்த ஆண்டு ஐப்பசியில் அவளுக்கு நெஞ்சகப் பிரிவில் பயிற்சி. அங்கேதான் பிடித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு வந்தவள் இருமிக்கொண்டே இருந்தாள். ருக்குமணி ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக் கீழே ஊற்றிவிட்டாள். விடுதிக்குத் திரும்பியதும் ஹேமலதா என்கிற சீனியர், "லெவோஃப்ளாக்சசின் அஞ்சு நாள் போடு, நின்னுரும்" என்று பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நின்றுவிட்டது. மார்கழியில் மறுபடியும் வந்தது. மறுபடியும் அதே ஐந்து நாள். நின்றது. மாசியிலும் அப்படியே. உடம்பு இளைத்திருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பெண் இளைக்கத்தானே செய்வாள்?

அந்த மருந்தைப் பற்றி நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரணச் சளிக் கிருமியைக் கொல்லும். சயரோகக் கிருமியைத் தனியாக முழுதும் கொல்லாது, ஆனால் கொஞ்சம் அடிக்கும். அடிபட்ட கிருமி பதுங்கிக்கொள்ளும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார். அது உள்ளே மருந்துக்குப் பழகிக்கொண்டு, கொஞ்ச நாள் கழித்து எழும். ஆகையால் நாள்பட்ட இருமலுக்குச் சளியைப் பரிசோதிக்காமல் அதைக் கொடுக்கவே கூடாது. இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த விவரம் முழுவதையும் நித்திலா அந்த ஆண்டு உள்தேர்வில் எழுதியிருக்கிறாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். ஷைனி பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று என்னிடம் சொன்னாள்: "நான் கேட்டேன் அங்கிள். நீதானடி பக்கம் பக்கமா எழுதின, நீயே போடுறியேன்னு. 'அது பேஷண்ட்டுக்குடி, எனக்கில்ல'ன்னு சொல்லிட்டா."

பங்குனியில் ஒரு நாள் பட்டறைக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் வழக்கம்போல ஒலிபெருக்கியில் போட்டேன். "ஸ்பீக்கர அணைச்சிருங்கப்பா" என்றாள். அணைத்தேன்.

"அப்பா, செஸ்ட் சார்கிட்ட ஒருக்கா போய்க் காட்டிரட்டுங்களா?"

"எதுக்குக் கண்ணு? உனக்குத் தெரியாததா?"

"சாயங்காலமானா காச்சல் வர்ற மாதிரி இருக்குங்க."

"அங்க யாரெல்லாம் இருப்பாங்க?"

"எங்க பேட்ச் இருக்கும்" என்றாள்.

அப்போது காங்கேயத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையனும் மருத்துவர். சித்திரையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "நல்லா யோசிச்சுக்க கண்ணு. அங்க போய்ப் பேரு பதிஞ்சுட்டா அப்பறம் அழிக்க முடியாது. நாளைக்கு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அங்கயே இருப்பாங்க. நீயே டாக்டரு. நீ போயி இன்னொருத்தர் முன்னால மூச்ச இழுத்து விட்டுக்கிட்டு உக்காரணுமா? பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்."

"சரிங்கப்பா" என்றாள்.

அவளாக யோசித்து அவளாக எடுத்த முடிவு. நான் கட்டாயப்படுத்தவில்லை. நான் சொன்னதை அப்படியே உங்களிடம் ஒப்பித்திருக்கிறேன், நீங்களே கவனித்திருப்பீர்கள். யோசித்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

வைகாசியில் ஷைனி கூப்பிட்டாள். காலையில் பல் துலக்கும்போது நித்திலா வாஷ்பேசினில் ரத்தமாகத் துப்பியதாகவும், உடனே நெஞ்சகப் பிரிவுப் பேராசிரியரிடம் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள். நான் வருகிறவரைக்கும் பொறு என்றேன். "பொறுக்க முடியாது அங்கிள், மன்னிச்சிருங்க" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டாள். மூத்தவன் பேசிக்கொண்டிருக்கும்போது துண்டிப்பது எந்த ஊர்ப் பழக்கமோ தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் இப்போதும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். நித்திலாவுக்கு ஓய்வு வேண்டுமென்று சொல்லி வைத்துவிடுவேன்.

பேராசிரியர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு மாணவர்கள் அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டார். ஒரு பெண் மருத்துவரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாமே பரிசோதித்தார். பிறகு என்னை உள்ளே அழைத்தார். நித்திலா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கெதிரே உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, என் ரூம் உங்க கிளாசுக்கு எதிர்லதானே இருக்கு?" என்று கேட்டார். திட்டவில்லை. அவள் அவர் தோளுக்கு மேலால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையும் அதையே கேட்டார். நான்தான், "பரீட்சை நேரமுங்க சார்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்.

வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வகை என்று பரிசோதனையில் தெரிந்தது. அவள் தின்ற அந்த லெவோஃப்ளாக்சசினுக்கும் அடங்காதாம். அதை நீக்கிவிட்டு ஐந்து வகை மருந்து எழுதினார்கள். ஒன்றரை ஆண்டு, ஒரு நாள்கூட விடாமல். யாராவது ஒருவர் எதிரிலிருந்து விழுங்கவைக்க வேண்டும். உங்கள் ஆள் நாள்தோறும் எங்கள் தெருவுக்கு வருவதா என்று நினைத்து, நானே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுத்தான் ஏற்றுக்கொண்டேன். உறவினர்களிடம் அவள் விடுப்பு எடுத்துப் பரீட்சைக்கு வீட்டிலிருந்து படிப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். நீ படித்தவள், இவற்றை ஒழுங்குபடுத்திக்கொள் என்றேன். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இனிமே எந்த மாத்திரையையும் நானாத் தொட மாட்டேங்கப்பா. நீங்க எடுத்து ஒரு கிண்ணத்துல போட்டுக் குடுங்க. நான் பாக்க மாட்டேன். முழுங்கிக்கறேன்."

அப்படியே செய்து வருகிறோம். எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு வாயில் கொட்டித் தண்ணீர் குடிப்பாள். முன்பெல்லாம் மாத்திரைப் பட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் வாசிப்பவள், இப்போது கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பதுகூடக் கிடையாது. மற்றபடி தொந்தரவு ஒன்றுமில்லை. பேச்சு இல்லை. அழுகையும் இல்லை. பின்னறையில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன மாதம் மாவரைக்கும் கிரைண்டர் கல் காலில் உரசி ரத்தம் வந்தது. ருக்குமணிதான் பார்த்துச் சொன்னாள், நித்திலாவுக்குத் தெரியவேயில்லை. பாதம் மரத்துப்போய்விட்டதாம். அதையும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். பாதம் மட்டும்தானா என்று ருக்குமணி கேட்கிறாள். பெண்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அவள் பார்க்க மாட்டேன் என்றதனால் நான் பார்க்க வேண்டியதாயிற்று. ஐந்து மருந்துக்கும் உள்ளே மடித்து வைத்திருந்த தாளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக. இன்றைக்கு எந்த மாத்திரை எதற்கு என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் ஐந்தாவது, செம்பழுப்பு நிறத்தில் ஒரு குழல் மாத்திரை. குளோஃபசிமின் என்று பெயர். அது உடம்பைக் கறுக்கவைக்கும் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறது. நித்திலா எங்கள் உறவிலேயே நிறமானவள். புரட்டாசிக்குள் அவள் முகம் கன்றிக் கறுத்துவிட்டது. என் மைத்துனர் மனைவி வந்து பார்த்துவிட்டு, "பாப்பா ஏனுங்க இப்பிடிக் கருகிப்போயிட்டா?" என்று கேட்டாள். வெயிலில் படிக்கிறாள் என்றேன். வேறென்ன சொல்வது?

கார்த்திகையில் கிருமி இல்லையென்று முடிவு வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சித்திரையில் வராமல் போன காங்கேயத்துக்காரர்கள் மார்கழியில் மறுபடியும் சொல்லியனுப்பினார்கள். ஆவணியில் வந்து பார்க்கிறோம், பெண்ணின் படிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று. நான் ஒரு வாரம் யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்யவில்லை. கிருமிதான் இல்லையே. ஐந்து ஆள் தள்ளிக்கொண்டு வந்த வண்டி சமதளத்துக்கு வந்துவிட்டால், நாலு ஆள் தள்ளினால் போதாதா? தைப்பொங்கலுக்கு மறுநாளிலிருந்து அந்தக் கறுக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டேன். மற்ற நாலும் குறைவின்றிப் போகின்றன. நிறுத்தியதை நான் வீணாக்கவும் இல்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் வேறு யாருக்காவது உதவும்.

பலனும் தெரிகிறது. நிறம் இப்போதுதான் மெல்லத் தெளிந்து வருகிறது, கழுத்தோரத்தில் பார்த்தால் தெரியும். இன்னொன்று, மனத்தை மந்தமாக்கும் மாத்திரை என்று தாளில் ஒன்றுக்குப் போட்டிருக்கிறது. அவள் இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அதைப் பற்றியும் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், அம்மணி?

ருக்குமணி, நீ ஏன் அடுப்பை விட்டு எந்திரிச்சு வந்துட்ட?

"என்னங்க சொல்றீங்க? பொங்கல்ல இருந்தா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே."

உனக்குச் சொன்னா என்ன தெரியும்? போ, அந்தம்மாவுக்குக் காப்பி கொண்டா.

இவளை மன்னியுங்கள், அம்மணி. நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மருத்துவரிடம் ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? நான் படித்துப் பார்த்துத்தான் செய்தேன். அந்தப் பிள்ளைகளைப்போலக் கைக்கு வந்ததை எடுத்து வாயில் போடுகிற ஆள் இல்லை நான்.

நித்திலா. நீ எப்ப வந்து நின்ன? கதவுல சாயாத, கீல் ஆடுது. உள்ள போயிப் படுத்துக்க கண்ணு.

"எப்ப இருந்துங்கப்பா?"

தைப்பொங்கல்ல இருந்து கண்ணு. உன்ற நல்லதுக்குத்தான். அந்த ஒண்ணு மட்டுந்தான்.

"கை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்துச்சு. மருந்து ஒடம்புக்குப் பழகிருச்சுன்னு நெனச்சேன்."

பார்த்தீர்களா, அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நிறம் திரும்புகிறது என்று நான் சொன்னது பொய்யில்லை.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்லங்கப்பா?"

உனக்குத் தொந்தரவு குடுக்க வேண்டாம்னுதான் கண்ணு. நீதான் பாக்க மாட்டேன்னு சொன்ன. கார்த்திகையில ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சல்ல, அதனால.

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் அஞ்சாவது நாள் ஒண்ணுமில்லாமத்தானுங்கப்பா இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை, அம்மணி, நீங்களே கேட்டீர்கள். கோபித்துக்கொள்கிற பெண் இல்லை அவள். பேராசிரியர் கேட்டபோது சுவரைப் பார்த்தாளே, அதே பார்வைதான் இப்போதும்.

என்ன, இன்றைக்கேவா? அவளைக் கூட்டிக்கொண்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கா? திரும்பச் சளி எடுத்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று மறுபடியும் பார்க்க வேண்டுமா? பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்வார்களா. வார்டில் சேர்த்துக்கொள்வார்களா. சரி. ஆவணிக்குள் முடிந்துவிடுமா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். ஏனென்றால் காங்கேயத்துக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

தெரியாதா? யாருக்கும் இப்போது சொல்ல முடியாதா?

ருக்குமணி அதற்குள் அவளுக்குத் துணி எடுத்துவைக்கப் போய்விட்டாள். இந்த வீட்டில் என்னைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. ரெண்டு செட்டுப் போதும் ருக்குமணி, பெரிய பை வேண்டாம், தெருவுல பாப்பாங்க.

நித்திலா, நில்லு கண்ணு. செருப்பு கால்ல சரியா மாட்டியிருக்குதான்னு பாத்துக்க. இன்னைக்கு மாத்திரை இன்னும் ஆகலை. வெறும் வயித்துல போகாத. கிண்ணத்துல எடுத்து வெச்சிருக்கேன், நாலும் இருக்குது. இந்தா.

இந்தா கண்ணு, வாங்கிக்க.

கையை நீட்ட மாட்டேன் என்கிறாள், அம்மணி. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் கொடுத்தால்தான் வாங்குவாளா? நீங்களும் இப்போது கொடுக்கக் கூடாதா? மருத்துவர் பார்த்த பிறகுதானா? நல்லது, போய்வாருங்கள். நான் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன்.

அம்மணி, ஒரு நிமிஷம். இந்த நாலையும் பட்டையிலிருந்து பிரித்துவிட்டேன். திரும்பப் பெட்டிக்குள் போடலாமா, அல்லது கையோடு எடுத்துக்கொண்டு வரவேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.